தாளம் போடும் கையை யார் சோதிப்பது?

சீரான இடைவெளியில் தட்டுகிற மெட்ரோனோம் பெட்டியை வைத்துக்கொண்டு சாதகம் செய்தால் பாட்டு செத்துவிடும் என்று கர்நாடக சங்கீத உலகில் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. பாட்டு வாத்தியார்கள் சொல்கிறார்கள். ரசிகர்கள் சொல்கிறார்கள். பெட்டி தட்டத் தட்டப் பாடுகிற பிள்ளையைப் பார்த்து, "இதென்ன டிக் டிக், கையில் தாளம் போட்டுப் பாடு" என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுகிறார்கள். லயம் ரத்தத்தில் இருக்க வேண்டும், கடையில் வாங்க முடியாது என்று இதற்கு ஒரு தத்துவமும் சொல்லப்படுகிறது. இந்த நம்பிக்கை தவறானது. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். நல்ல சாரீரமும் நல்ல பாடாந்தரமும் நாள்தோறும் உழைக்கும் மனமும் உள்ள பிள்ளைகள், தங்கள் பாட்டு ஓடுகிறது என்பதையே அறியாமல் மேடை ஏறுவதற்கு இந்த நம்பிக்கை காரணமாகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கையைப் பற்றிப் பேசிவிடலாம். மற்ற வாதங்கள் எல்லாம் கடைசியில் கையில்தான் வந்து சாய்கின்றன.

ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் இரண்டு முறை தட்டும் வீச்சும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் இப்படிக் கையில் காட்டும் முறை நம் சங்கீதத்தின் பெரிய சொத்து. கச்சேரி கேட்க வந்தவர்கூட மடியில் தாளம் போட்டுக்கொண்டு, பாடகர் எந்த இடத்தில் எடுக்கிறார், எங்கே வந்து சேர்கிறார் என்று பின்தொடர முடிகிறது. 35 தாளங்களையும் ஒரே கை காட்டிவிடும். இதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆவர்த்தனத்தில் நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைக் கை பிசகாமல் சொல்லும். இரண்டாம் விரலிலிருந்து மூன்றாம் விரலுக்குப் போக எடுத்துக்கொண்ட நேரமும், மூன்றாம் விரலிலிருந்து அடுத்த தட்டுக்குப் போக எடுத்துக்கொண்ட நேரமும் ஒன்றா என்று கை சொல்லாது. சொல்லவும் முடியாது. பாடுகிற தொண்டையும் தட்டுகிற கையும் ஒரே உடம்பில் இருக்கின்றன. தொண்டை தடுமாறினால் கை காத்திருக்கும், தொண்டை பாய்ந்தால் கையும் பாயும்.

சரளி வரிசையிலேயே இதைப் பார்க்கலாம். முதல் காலத்தில் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்று வைத்தால் ஒரு ஸ்வரத்துக்கு முதல் காலத்தில் ஒரு விநாடி, இரண்டாவதில் அரை, மூன்றாவதில் கால். பிள்ளை மூன்றாம் காலத்துக்கு வந்ததும் நாக்குக்கும் தொண்டைக்கும் அவ்வளவு வேகம் வராது. கை மெல்ல இறங்கிவிடும். எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வரம் இருக்கிறது, ஆவர்த்தனம் எட்டில் முடிகிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் பிள்ளை பாடியது மூன்று மடங்கு வேகத்தைக்கூடத் தொட்டிருக்காது. வாத்தியாரும் கூடவே பாடிக்கொண்டு தாளம் போட்டால் அவருடைய கையும் பிள்ளைமேல் உள்ள பரிவில் இறங்கியிருக்கும். பிள்ளை வளர்ந்து வர்ணத்தை இரண்டு காலம் பாடும்போதும் இதே கதைதான். முதல் காலத்தில் இருந்த தட்டு இரண்டாம் காலத்தில் இருப்பதில்லை.

எதிர்ப்பக்கத்தில் நடப்பது இன்னும் கேடு. கஷ்டமான பிரயோகங்களில் இழுப்பவர்களைவிடச் சுலபமான இடங்களில் ஓடுபவர்கள்தான் அதிகம். குறிப்பாகக் கார்வை. பல்லவி வரியின் முடிவில் இரண்டு எண்ணிக்கைக்கு ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டியிருந்தால், அந்த இரண்டு எண்ணிக்கையும் முழுதாகக் கிடைப்பது அபூர்வம். பாடுவதற்குச் சொல் இல்லாத நேரம் மனத்துக்கு நீளமாகத் தெரியும். அதனால் கை சீக்கிரம் விழும், அடுத்த வரி சற்று முன்னதாகவே பிறக்கும். ஒவ்வொரு கார்வையிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போனால், பல்லவியில் எட்டு விநாடியாக இருந்த ஆவர்த்தனம் சரணம் முடியும்போது ஏழு விநாடியாகியிருக்கும். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கையில் தொடங்கிய கீர்த்தனை ஏறக்குறைய 69-இல் முடிந்திருக்கும். பாடியவருக்கு அது தெரியாது. கேட்பவருக்கு ஏதோ பதற்றம் மட்டும் தெரியும். "உருப்படி நன்றாக இருந்தது, சௌக்கியம் மட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சௌக்கியம் எங்கே போனது என்று தேடினால் அது கார்வைகளில் போயிருக்கும்.

மெட்ரோனோம் இந்த இடத்தில் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. அது பாடுகிறவரின் உடம்புக்கு வெளியே இருக்கிறது. அதற்குப் பரிவு கிடையாது, மூச்சு வாங்காது, கஷ்டமான சங்கதி வருகிறது என்று தெரியாது. முதல்முறை அதோடு பாடுகிற மாணவர் அநேகமாகச் சொல்லும் வார்த்தை, "பெட்டி மெதுவாகிவிட்டது" என்பதுதான். பெட்டி அப்படியே இருக்கிறது, தான்தான் ஓடியிருக்கிறோம் என்று புரிகிற அந்த நேரம், ஒரு வருஷப் பாடத்துக்குச் சமமானது. நல்ல குருவும் இதைச் சொல்லியிருப்பார். பத்து தடவை சொல்லியிருப்பார். ஆனால் குரு சொல்லும்போது அது அபிப்பிராயமாகக் காதில் விழுகிறது, அடுத்த தடவை மறந்துபோகிறது.

உடம்பு தன் காலக்கணக்கைத் தானே சரியாக அறிவதில்லை என்பது புதிய விஷயமில்லை. எல். டி. ஸ்டீவன்ஸ் என்பவர் 1886-லேயே இதைச் சோதித்து எழுதினார். ஆட்களை மெட்ரோனோமோடு சேர்ந்து தட்டச் சொல்லி, பிறகு மெட்ரோனோமை நிறுத்திவிட்டு, அதே காலத்தில் தொடர்ந்து தட்டச் சொன்னார். கருவி நின்றதும் தட்டுகளின் இடைவெளி அலையத் தொடங்கியது. அதன்பின் அதே வழியில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சோதித்துவிட்டார்கள். அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட இன்னொரு செய்தி உண்டு. ஒலியோடு சேர்ந்துதான் தட்டுகிறோம் என்று உறுதியாக நம்புகிறவர்களின் விரல், விநாடியில் நூறில் சில பங்கு முன்னதாகவே விழுகிறது. அவர்களுக்கு அது தெரிவதில்லை. "எனக்குக் கையிலேயே காலப்பிரமாணம் நிற்கிறது" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் பொய் சொல்லவில்லை. நிற்பதுபோலத் தோன்றுவதைச் சொல்கிறார்.

கணக்கைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். நம் ஊரில் கணக்கு சரியாக வந்தால் லயம் வந்துவிட்டது என்று எண்ணும் பழக்கம் ஆழமாக இருக்கிறது. மூன்று ஐந்து, மூன்று ஏழு, மூன்று ஒன்பது என்று கோர்வை கட்டி, சரியாகச் சமத்திலோ எடுப்பிலோ கொண்டுவந்து இறக்கினால் சபை கைதட்டும். அது மூளையின் உழைப்பு, அதை மதிக்கிறேன். ஆனால் கூட்டல் சரியாக இருப்பதும் ஒவ்வொரு அட்சரத்துக்கும் அதற்குரிய நேரம் கிடைப்பதும் வேறு வேறு. கோர்வையின் கடைசிப் பகுதி நெருங்கும்போது கை விரைந்தாலும் எண்ணிக்கை பிசகாது, இறக்கமும் சரியாகவே விழும். கணக்கு முழு மதிப்பெண் வாங்கிவிடும், லயம் தோற்றிருக்கும். நடை மாற்றத்தில் இது இன்னும் கண்கூடு. சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்குப் போகும்போது தட்டு அசையக் கூடாது, ஒரு தட்டுக்குள் விழும் அட்சரம்தான் நான்கிலிருந்து மூன்றாகவோ ஆறாகவோ மாற வேண்டும். பழக்கமில்லாதவர் அட்சரத்தின் வேகத்தைப் பிடித்துக்கொண்டு தட்டை நகர்த்திவிடுவார். அப்போதும் கை எண்ணிக்கை காட்டும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெளியே ஒரு தட்டு அசையாமல் விழுந்துகொண்டிருந்தால் முதல் ஆவர்த்தனத்திலேயே விஷயம் வெளியாகிவிடும். திரிகாலம் செய்து பல்லவி பாடுகிறவர்கள் இந்தச் சோதனைக்கு ஒருநாளாவது உட்பட வேண்டும் என்பேன்.

லயம் பிறவியில் வரவேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு பதில். பிறவியில் வருகிறதுதான், ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது. ஹங்கேரியில் இஸ்த்வான் விங்க்லர் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது அவர்கள் காதில் ஒரு தாள அமைப்பை ஒலிக்கவிட்டு, நடுவில் முதல் தட்டை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். தட்டு விழவேண்டிய இடத்தில் விழவில்லை என்பதைத் தூங்கும் குழந்தையின் மூளை கவனித்தது. தாளத்தைக் கேட்டு உணரவே முடியாத ஒரு மனிதரைப் பற்றி 2011-இல் ஆய்வாளர்கள் தனிக் கட்டுரை எழுதினார்கள். எழுதும் அளவுக்கு அது அபூர்வமாக இருந்தது. ஆகவே ஒரு பிள்ளைக்கு "லய ஞானம் கிடையாது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிற வாத்தியார், பெரும்பாலும் தான் சொல்லித்தராத ஒன்றுக்குப் பிள்ளையின் பிறப்பைக் குற்றம் சொல்கிறார். தவில்காரர் வீட்டுப் பிள்ளைக்கு லயம் நிற்கிறது என்றால், தொட்டிலில் கிடந்த காலம் முதல் அதன் காதில் சொற்கட்டு விழுந்துகொண்டிருக்கிறது. அது பயிற்சி. பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர்கள் யாரும் மெட்ரோனோம் வைத்துப் பழகவில்லையே என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று வரிசையாகப் பக்கவாத்தியங்களை உட்கார வைத்துக்கொண்டு பல்லவி பாடியவர். அவருக்குத் தன் கையைத் தவிர வெளியே எத்தனை சாட்சிகள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். குருகுலத்தில் இருந்த மாணவனுக்குக் குருவின் கை தொடையில் விழும் ஓசை நாள் முழுதும் காதில் இருந்தது. கோயில் உற்சவத்தில் விடிய விடிய நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வெளித் தாளம் காற்றோடு கலந்து கிடந்தது. அவர்களுக்கு மெட்ரோனோம் தேவைப்படவில்லை. ஏனென்றால் அது செய்கிற வேலையை ஊரே செய்துகொண்டிருந்தது.

இன்றைய மாணவர் நிலை என்ன? வாரத்துக்கு ஒரு வகுப்பு, மிஞ்சினால் இரண்டு. அதுவும் பலருக்குக் கைபேசித் திரையில். சிகாகோவில் இருக்கும் பிள்ளைக்கு மயிலாப்பூரிலிருந்து பாடம் நடக்கிறது. அந்த வகுப்பில் குருவும் சிஷ்யையும் சேர்ந்து தாளம் போட்டுப் பாட முடியாது. ஒலி போய்ச் சேரத் தாமதமாகும். அந்தத் தாமதம் கால் விநாடி என்றே வைத்துக்கொண்டால், மேலே சொன்ன மூன்றாம் காலக் கணக்கில் அது முழுதாக ஒரு ஸ்வரம். குரு பாடி நிறுத்த, சிஷ்யை திருப்பிப் பாட, குரு அந்தப் பக்கம் தாளம் போடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். போட்டால் அது அவருக்குச் சரியாக இருக்கும், பிள்ளைக்குப் பிந்திக் கேட்கும். இப்படி வருஷக்கணக்காகப் பாடம் கேட்கிற பிள்ளைக்கு வெளித் தாளம் என்பதே அனுபவத்தில் கிடையாது. அந்தப் பிள்ளையிடம் போய், "நாயனா பிள்ளை மெட்ரோனோம் வைத்தா பாடினார்?" என்று கேட்பது நியாயமே இல்லை.

வெளியிலிருந்து தாளம் வருவது நம் மரபுக்கு விரோதம் என்று நினைப்பவர்கள் நம் மரபைத்தான் சரியாகப் பார்க்கவில்லை. நாகஸ்வர கோஷ்டியில் ஒத்து ஊத ஒருவர், தாளம் போட ஒருவர் என்று தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். சுருதியும் தாளமும் வாசிக்கிறவரின் பொறுப்பில் மட்டும் விடப்படவில்லை. தவில் கணக்கில் எங்கே அலைந்தாலும் அந்தத் தாளக்காரரின் கைகள் அசையக் கூடாது என்பது ஒப்பந்தம். பரதநாட்டிய வகுப்பில் நட்டுவனார் தட்டுக்கழியால் மணையில் தட்டுகிறார். ஆடுகிற பெண்ணைத் தன் கையாலேயே தாளம் போட்டுக்கொண்டு அடவு பழகு என்று யாராவது சொல்வார்களா? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் பக்கத்தில் தண்ணுமை ஆசிரியனைத் தனியாக நிறுத்தி அவனுடைய தகுதிகளைச் சொல்கிறது. ஆடுகிறவளின் காலத்தைக் காக்க இன்னொரு ஆள் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பாட்டு வகுப்பில் மட்டும் எப்படியோ இந்த அறிவு காணாமல் போயிற்று.

அந்நியக் கருவி என்ற பேச்சு எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. ஆம்ஸ்டர்டாமில் டீட்ரிக் விங்க்கல் 1814-இல் இரட்டை எடை கொண்ட ஊசலைக் கண்டுபிடித்தார். அதைப் பார்த்த மேல்சல் என்பவர் அளவுகோல் சேர்த்து, மெட்ரோனோம் என்று 1815-இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டார். அப்போது திருவையாற்றில் தியாகராஜர் பாடிக்கொண்டிருந்தார். அதே காலத்து மனிதரான பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? அந்நியம் என்பது வயலினுக்குக் குற்றமாகாதபோது மெட்ரோனோமுக்கு மட்டும் ஏன் குற்றமாக வேண்டும்? ஐரோப்பாவிலேயே பெரியவர்கள் இதை எதிர்த்தார்களே, பிராம்ஸுக்கு இதில் நம்பிக்கையில்லையே என்று சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே நடந்த சண்டையின் பெரும்பகுதி வேறு. ஒரு படைப்பை இன்ன வேகத்தில்தான் வாசிக்க வேண்டும் என்று இயற்றியவர் எண் குறிப்பதா வேண்டாமா என்பது அந்தச் சண்டை. பேத்தோவன் தன் சிம்பொனிகளுக்கு 1817-இல் எண்களை வெளியிட்டார், அந்த எண்களைப் பற்றி இன்றுவரை விவாதம் ஓயவில்லை. நம் கீர்த்தனைகளுக்கு யாரும் எண் குறிக்கவில்லை, குறிக்கவும் வேண்டாம். சாதகத்தின்போது என் காலப்பிரமாணம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கும் அந்தச் சண்டைக்கும் சம்பந்தம் இல்லை.

சுருதிப் பெட்டியைப் பாருங்கள். மின்னணுச் சுருதிப் பெட்டி இன்று இல்லாத வீடு இல்லை, இல்லாத மேடை இல்லை. கைபேசியிலேயே தம்புரா வந்துவிட்டது. ஒரே ஸட்ஜ பஞ்சமத்தை மணிக்கணக்காக மாறாமல் ஒலிக்கிற இயந்திரம் அது. அதோடு பாடினால் ராகம் இயந்திரமாகிவிடும், கமகம் செத்துவிடும் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? தம்புராவின் ஜீவா இதில் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் உண்டு, அது நியாயமான ஏக்கம். ஆனால் சுருதி இல்லாமல் காதை மட்டும் நம்பிச் சாதகம் செய் என்று எந்த வாத்தியாரும் சொல்வதில்லை. குரல் தன்னை அறியாமல் விலகும், வெளியே ஒரு நிலையான ஒலி வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சுருதி மாதா, லயம் பிதா என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். மாதாவுக்கு வெளிச் சாட்சி வைத்துக்கொண்டு பிதாவை மட்டும் நினைவுக்கு விட்டுவிடுவது என்ன முறை?

இனி, மெட்ரோனோம் பாட்டை இயந்திரமாக்கும் என்ற குற்றச்சாட்டு. இதில் ஒரு பாதி உண்மை. தட்டுத் தட்டாக, அட்சரம் அட்சரமாக ஒலிக்கும்படி வைத்துவிட்டு, நாள் முழுதும் அதன் மேல் சாய்ந்துகொண்டு பாடுகிறவருக்கு லயம் வராது. பெட்டி காலத்தைச் சுமக்கிறது, அவர் சுமப்பதில்லை. நிறுத்தினால் மறுபடி ஓடுவார். வேகத்தை ஒவ்வொரு எண்ணாக ஏற்றிக்கொண்டே போவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். துரிதத்தில் விரல் ஓட இது உதவலாம், காலப்பிரமாணத்துக்கு இது எதுவும் செய்யாது. விமர்சகர்கள் பார்த்தது இவர்களைத்தான் என்றால் அவர்கள் பார்வையில் தவறில்லை, எடுத்த முடிவில்தான் தவறு. இன்னொன்றும் சொல்கிறேன். பாட்டு தொடங்கிய சின்னக் குழந்தைக்கு முதல் சில மாதங்கள் குருவின் கையும் குரலும்தான் வேண்டும். பெட்டி பிறகு வரட்டும்.

பெட்டியைச் சரியாகப் பயன்படுத்துவது என்றால் அது தரும் தட்டைக் குறைத்துக்கொண்டே போவது. முதலில் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. அது நின்றபின் ஆதி தாளத்தில் சமத்திலும் முதல் துருதத்தின் தட்டிலும் மட்டும், அதாவது ஆவர்த்தனத்துக்கு இரண்டே தட்டு. பிறகு சமத்தில் மட்டும் ஒன்று. நடுவில் இருக்கும் ஏழு எண்ணிக்கையையும் பாடுகிறவரே சுமக்க வேண்டும், அடுத்த சமத்தில் பெட்டி உண்மையைச் சொல்லும். மிஸ்ர சாபுவில் தட்டுகள் சமமான இடைவெளியில் விழுவதில்லை என்பதால் மெட்ரோனோம் அதற்கு உதவாது என்று ஒரு பேச்சு உண்டு. ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரு தட்டு என்று வைத்தால் அந்தத் தடையே இல்லை. ஏழு அட்சரமும் சேர்ந்து இரண்டு விநாடி என்றால் நிமிடத்துக்கு 30 தட்டு. மேல்சலின் மரப்பெட்டி 40-க்குக் கீழே போகாது, கைபேசிச் செயலிகள் போகும். உள்ளே மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்துக்கொள்வது பாடுகிறவர் வேலை.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது, அதைச் செய்து பார்க்காதவர்கள் மெட்ரோனோமைப் பற்றிப் பேச அவசரப்பட வேண்டாம். பெட்டியின் தட்டைச் சமமாக எண்ணாமல் எடுப்பாக எண்ண வேண்டும். அரை இடத்தில் எடுக்கிற கீர்த்தனை என்றால், ஒலிக்கிற தட்டுதான் அந்த அரை இடம், சமம் மௌனத்தில் விழும். கை மௌனத்தில் தட்டும், காதில் கேட்கும் தட்டு இரண்டு எண்ணிக்கைக்கு நடுவில் வந்து நிற்கும். முதலில் தலை சுற்றும். சில நாளில் உள்ளே ஏதோ ஒன்று உறுதிப்படும், எடுப்பில் தயங்கித் தயங்கி விழுந்த வரி நேராக வந்து நிற்கும். இதில் இயந்திரம் எங்கே இருக்கிறது? பெட்டி செய்வதையே திருப்பிச் செய்தால்தான் மனிதன் இயந்திரமாவான். பெட்டிக்கு எதிரே நின்று தன் காலத்தைத் தானே காப்பவனுக்கு எந்த நேரத்திலும் விழித்த மனம் வேண்டும்.

கமகம் நசுங்கும் என்கிறவர்கள் ஒரு தோடி வர்ணத்தை மிக மெதுவான காலத்தில் பெட்டியோடு பாடிப் பார்க்கட்டும். காந்தாரம் அசைகிற ஒவ்வோர் அசைவுக்கும் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். கார்வை முழுதாகக் கிடைத்தால் கமகத்துக்கு இடம் கூடும். ஓடுகிற பாட்டில்தான் கமகம் நசுங்குகிறது. ஆலாபனைக்கோ விருத்தத்துக்கோ மெட்ரோனோம் வை என்று நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கச்சேரி மேடையிலும் அதற்கு வேலையில்லை. நிரவலில் உற்சாகம் ஏறும்போது காலம் ஒரு நூல் ஏறினால் அது குற்றம் என்றும் சொல்ல மாட்டேன், ஏறியது பாடுகிறவருக்குத் தெரிந்திருக்கும் வரையில்.

தாளத்தில் விளையாடுகிற சுதந்திரம் என்று சொல்கிறோமே, அது யாருக்கு வாய்த்தது என்று பார்க்க வேண்டும். வீணை தனம்மாள் வழியில் பிருந்தாவும் முக்தாவும் பாடிய பதங்களில் சொற்கள் தட்டின் மேல் விழுவதில்லை, தட்டுக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வந்து சேரும். அந்தச் சாய்வு கேட்பவருக்கு இன்பமாக இருப்பதற்குக் காரணம், அடியில் தாளம் இம்மி அசையாமல் போய்க்கொண்டிருப்பது. தாளமும் கூடவே பின்வாங்கினால் அங்கே சாய்வே இல்லை, பாட்டு மெதுவாகிவிட்டது என்று மட்டும்தான் பொருள். எம். டி. ராமநாதன் பாடிய விளம்பத்தைக் கேளுங்கள். அவ்வளவு மெதுவான காலத்தில் இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கும் வெளியில் பிசகுவதற்கு எவ்வளவோ இடம் இருக்கிறது. அவர் அந்த வெளியை அவசரமில்லாமல் நிரப்பினார், சில சமயம் நிரப்பாமலே விட்டார். அந்த நிதானத்தை வியந்து பேசுகிறவர்களே மாணவனிடம் வந்து கார்வையை அளந்து பழகாதே என்கிறார்கள்.

"மேடையில் மிருதங்கம் இருக்கிறதே, அது பிடித்துக்கொள்ளும்" என்று ஒரு சமாதானம் எஞ்சியிருக்கிறது. மிருதங்க வித்வானுடைய பண்பு பாட்டுக்கு வாசிப்பது. பாடகர் ஓடினால் ஒன்று அவரும் ஓட வேண்டும், அல்லது சபையறியப் பாடகரைப் பின்னால் இழுக்க வேண்டும். நல்ல பக்கவாத்தியக்காரர் இரண்டாவதைச் செய்ய மாட்டார். பாட்டு கெட்டதற்கு அவருக்கும் பங்கு வந்து சேரும். அப்புறம் தனி ஆவர்த்தனத்தில் தாளம் போடுகிற கை யாருடையது? பாடகருடையது. தன் காலத்தையே காக்கப் பழகாத கை, மிருதங்கமும் கடமும் பின்னிப் பிணைந்து எதிரெதிர்க் கணக்கில் போகும் கால் மணி நேரத்துக்குத் தூணாக நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வித்வான்கள் மேடையில் சொல்லாமல் விழுங்கும் அவஸ்தையை அவர்களிடம் தனியே கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் என்னோடு உடன்படாத ஆசிரியர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மெட்ரோனோம் வாங்க வேண்டாம், செயலியும் வேண்டாம். நாளைக்கு வகுப்பில் நன்றாகப் பாடும் மாணவரை ஓர் ஆதி தாளக் கீர்த்தனையைக் கையில் தாளம் போட்டு முழுதாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பல்லவியின் முதல் ஆவர்த்தனம் எத்தனை விநாடி, சரணத்தின் கடைசி ஆவர்த்தனம் எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தை வைத்து எண்ணி இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிறகு அதே கீர்த்தனையை நீங்கள் பாடி, அந்த இரண்டு எண்களையும் அதே காகிதத்தில் கீழே எழுதுங்கள். மாணவர் பார்க்கும்படி எழுதுங்கள்.